பூனையின் குற்றமா, பூனையின் நோயா?

பழகிய வீட்டுப் பூனை தான் வழக்கமாகச் செல்லும் இடத்தை விட்டுப் பாயிலோ, மடித்து வைத்த வேட்டியிலோ, அரிசிச் சாக்கின் ஓரத்திலோ சிறுநீர் கழித்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது விளக்குமாறு. "கொழுப்பு மிஞ்சிவிட்டது" என்ற தீர்ப்பும் உடனே கூறப்பட்டுவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய தீர்ப்பை நானும் கூறினேன். அது எத்துணைப் பிழையானது என்பதை எங்கள் வீட்டுக் கடுவன் பூனை எனக்குக் கற்பித்தது.

நான்கு வயதான அப்பூனை, ஒருநாள் மாலை நான் திருத்துவதற்காக விறாந்தையில் அடுக்கியிருந்த கொப்பிகளின்மேற் குந்திச் சில துளி சிறுநீர் விட்டது. அடித்துத் துரத்தினேன். மறுநாட் காலை அது உணவை முகர்ந்தும் பார்க்கவில்லை. மணற் குவியலுக்கும் கிணற்றடிக்குமாக அலைந்தது. மலச்சிக்கலாக இருக்கும், ஆமணக்கெண்ணெய் பருக்கலாம் என்று வீட்டிற் பேச்சு எழுந்தது. அப்பொழுது என் இளைய மகள், "அப்பா, அது எத்தனை தரம் குந்தினாலும் மணல் நனையேல்லை" என்றாள். பெரியவர்கள் காணாததை அவள் கண்டிருந்தாள். மிருக வைத்தியரிடம் விரைந்தோம். சிறுநீர் வழி முற்றாக அடைபட்டிருந்தது. மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி அவர் அடைப்பை நீக்கினார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பூனை பிழைத்திராது என்றும் கூறினார்.

இந்நோயின் காரணத்தை அறிய, பூனையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப் பூனை. இரையின் உடலிலுள்ள நீரே அதற்குப் பெரும்பாலும் போதியதாயிற்று. ஆகையால் நம் பூனையும் நீரைக் குறைவாகவே நாடும். அதன் சிறுநீர் செறிவு மிக்கது. அதிலுள்ள உப்புக்கள் சில வேளைகளிற் பளிங்குகளாகப் படிகின்றன. அவை சளியோடு சேர்ந்து தக்கைபோல் இறுகக்கூடும். பெட்டைப் பூனையின் சிறுநீர் வழி அகன்றது. கடுவனின் வழியோ நீண்டு நுனியில் ஒடுங்கியது. ஆதலால் அடைப்பு பெரும்பாலும் கடுவனையே பற்றும். அடைபட்டதும் கழிவுகள் இரத்தத்தில் தங்குகின்றன. பொற்றாசியம் மிகுந்து இதயத் துடிப்பைக் குலைக்கின்றது. முற்றாக அடைபட்ட பூனை இரண்டு மூன்று நாட்களுள், சில வேளை அதற்கு முன்னரே, இறந்துவிடும்.

சுகமான பூனை நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். அடிக்கடி குந்துதல், துளித்துளியாகக் கழித்தல், கழிக்கும்போது முனகுதல், பின்புறத்தை ஓயாது நக்குதல், சிறுநீரில் இரத்தம் காணுதல் ஆகியவை நோயின் குறிகள். ஒரு துளியும் வராது முக்குவதும், உண்ண மறுப்பதும், வாந்தி எடுப்பதும், சோர்ந்து கிடப்பதும் கண்டால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. வயிற்றை அழுத்திப் பார்த்தலும் கூடாது. நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடக்கூடும். நமக்குரிய பரசிற்றமோல் மாத்திரையை நோவுக்கென்று கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கவல்லது.

எல்லாப் பூனைக்கும் அடைப்பே காரணம் என்பதில்லை. இளம் பூனைகளிலும் நடுவயதுப் பூனைகளிலும், கிருமி எதுவும் இன்றியே சிறுநீர்ப்பை அழற்சியுறுதல் மிகுதி. வீடு மாறுதல், புதிய பிராணி வருதல் போன்றவற்றால் உண்டாகும் மனக்கலக்கம் அதனைத் தூண்டும். பத்து வயதைக் கடந்த பூனை மிகுதியாக நீர் பருகி மிகுதியாகக் கழிக்குமாயின், சிறுநீரக நோயோ நீரிழிவோ இருத்தல் கூடும். வாலை நிமிர்த்தி நின்றபடியே சுவரிற் பீச்சுவது வேறு. அது பெரும்பாலும் தன் எல்லையை அறிவிக்கும் செயல். கடுவனை நலமடித்துவிட்டால் இப்பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

பூனையைக் காக்கும் வழிகள் அரியனவல்ல. இரண்டு மூன்று இடங்களில் நல்ல நீர் வையுங்கள். உலர்ந்த உணவோடு நில்லாது, உப்பும் வெங்காயமும் சேராத மீன் அவித்த நீரையும் கொடுங்கள். வீட்டினுள் வளரும் பூனைக்கு மணற்பெட்டி வைப்பதாயின், பூனைகளின் தொகைக்கு மேல் ஒன்று கூடுதலாக வைத்து, நாள்தோறும் துப்புரவு செய்யுங்கள். அசுத்தப்பட்ட இடத்தை அமோனியா கலந்த திரவத்தாற் கழுவாதீர்கள். அம்மணம் பூனையை மீண்டும் அங்கேயே அழைக்கும்.

அடிபட்ட பூனை சிறுநீருக்கும் அடிக்கும் தொடர்பு இருப்பதாக அறிவதில்லை. வீட்டாருக்கு அஞ்சி, மறைவிடம் தேடுகின்றது. அதனால் நோயின் குறிகளும் நம் கண்ணுக்கு மறைந்துபோகின்றன. வாயில்லாப் பிராணிக்குத் தன் நோவைச் சொல்ல மொழியில்லை. நனைந்த கொப்பிதான் எங்கள் பூனை எனக்கு எழுதிய விண்ணப்பம். அதனை வாசிக்கத் தெரியாமல் நான் விளக்குமாற்றை எடுத்தேன். வாசித்தவள் என் மகள்.