பழைய முத்திரையா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

கடையில் ஓர் ஆயிரம் ரூபாய்த் தாள் கைக்கு வந்ததும் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது நம் வர்த்தகர்களுக்குப் பழகிப்போன காரியம். அதே நாம், பழைய தபால் முத்திரை ஒன்றைக் காட்டி யாராவது பெரிய தொகை கேட்டால், விக்டோரியா மகாராணியின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கி விடுகிறோம். முத்திரை வியாபாரத்தில் விலையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கடதாசி, நீர்க்குறி, ஓரத்துத் துளைகள் ஆகிய மூன்றுமே.

பழையது என்பதற்காக மட்டும் விலை ஏறுவதில்லை. உலகின் முதல் முத்திரையான 'பென்னி பிளாக்' 1840 மே மாதம் பிரித்தானியாவில் பாவனைக்கு வந்தது. சுமார் 6 கோடி 80 இலட்சம் அச்சிடப்பட்டதால் இன்றும் அது சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கு 19 ஆண்டுகள் பிந்திய நமது இலங்கையின் 4 பென்ஸ் மங்கிய ரோஜா நிற முத்திரையோ, துளையிடப்படாத நிலையில் இருந்தால், அதைவிடப் பல மடங்கு விலை போகும்.

ஒரே படம், ஐந்து சரக்கு

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியான 6 பென்ஸ் முத்திரை. அச்சிட்டது லண்டன் பேர்கின்ஸ் பேக்கன் நிறுவனம். முதலில் வந்தது நீலம் பாய்ந்த கடதாசியில். 1859இல் அதே முத்திரை வெள்ளைக் கடதாசியில் வந்தது. இரண்டிலும் நட்சத்திர நீர்க்குறி உண்டு. ஓரத்தில் துளை இல்லை. தபாற் கந்தோரில் கத்தரிக்கோலால்தான் வெட்டிக் கொடுத்தார்கள். 1861இல் துளையிட்டு வந்தது. அதிலும் சிலவற்றின் பற்கள் சுத்தமாக இருக்கும். சிலவற்றில் கடதாசி கிழிந்தாற்போல் கரடுமுரடாக இருக்கும்.

அதன் பிறகு நடந்தது வர்த்தகர்கள் அறிய வேண்டிய கதை. 1861இல் அரச அதிகாரி ஒருவர் தம் வேண்டியவர்களுக்காகக் கேட்டார் என்பதற்காக, பேர்கின்ஸ் பேக்கன் நிறுவனம் குடியேற்ற நாடுகளின் முத்திரைகள் சிலவற்றை 'ரத்து' என்று குத்திக் கொடுத்து விட்டது. முத்திரைகளின் சொந்தக்காரர்கள் சார்பில் பொறுப்பாக இருந்த கிரவுண் ஏஜன்ட்ஸிடம் அனுமதி பெறவில்லை. விஷயம் தெரிய வந்ததும் ஒப்பந்தம் கைமாறியது. அச்சுத் தகடுகள் டி லா ரூ நிறுவனத்துக்குப் போயின. பிற்காலத்தில் நமது நாணயத் தாள்களை அச்சிட்டதும் இதே டி லா ரூதான். பெறுமதியில் சொற்பமான சில முத்திரைகளுக்காகப் பெரிய வாடிக்கையாளர் ஒருவரையே இழந்தது அந்த நிறுவனம்.

அச்சகம் மாறியதால் சரக்கும் மாறியது. அதே 6 பென்ஸ் முத்திரை 1862இல் நீர்க்குறியே இல்லாத கடதாசியில் வந்தது. 1863 முதல் கிரீடமும் 'சீ.சீ.' என்ற இரு எழுத்துகளும் கொண்ட நீர்க்குறியோடு வந்தது. ஆக, முன்னால் பார்த்தால் ஒரே மகாராணி, ஒரே ஆறு பென்ஸ். பின்னால் பார்த்தால் ஐந்து வகை. ஐந்துக்கும் ஐந்து விலை.

ஏமாற்று எங்கே நடக்கிறது?

மங்கிய ரோஜா நிற 4 பென்ஸ் முத்திரையையே எடுத்துக் கொள்வோம். துளையுள்ள 4 பென்ஸ் முத்திரை அவ்வளவு அரிதல்ல. அதன் பற்களைக் கத்தரித்து விட்டால் துளையற்றது போலத் தோன்றும். ஆகவே நான்கு பக்கமும் தாராளமான ஓரம் இல்லாத முத்திரையைத் துளையற்றது என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. வெயிலாலும் இரசாயனத்தாலும் நிறம் மாறியதை 'அபூர்வ நிறம்' என்பார்கள். கிழிசலை ஒட்டுவார்கள், புதிதாகப் பசை பூசுவார்கள்.

விற்பவர்களும் நட்டப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வர்த்தகக் குடும்பத்தில் மூத்தாப்பா காலத்துக் கடிதக் கட்டு ஒன்று கிடைத்தது. பேரப் பிள்ளைகள் முத்திரைகளை எல்லாம் தண்ணீரில் ஊற வைத்துக் கழற்றி, உறைகளைக் குப்பையில் போட்டு விட்டார்கள். தபால் குறியோடு முழு உறையாக இருந்திருந்தால் அவற்றின் பெறுமதி வேறு. எண்கோண வடிவிலான பழைய இலங்கை முத்திரைகளை மூலைக்கு மூலை வெட்டி அழகுபடுத்துவதும் இதே போன்ற நட்டம்தான்.

செய்ய வேண்டியவை

நமது நாட்டில் ரூபாய், சதம் வந்தது 1872இல். ஆகவே பென்ஸ், ஷில்லிங் என்று இருந்தால் முதலில் தனியே எடுத்து வையுங்கள். ஒட்டியிருப்பதைக் கழற்ற வேண்டாம். தனி முத்திரையைக் கறுப்புத் தட்டில் முகம் குப்புற வைத்து நீர்க்குறியைத் தேடுங்கள். துளைகளை அளக்க மலிவான அளவு அட்டை உண்டு. இரண்டு சென்ரிமீற்றருக்குள் எத்தனை துளை என்பதே கணக்கு. பெரிய தொகை என்றால், 1869இல் ஆரம்பிக்கப்பட்ட லண்டன் ரோயல் பிலட்டெலிக் சங்கம் போன்ற நிபுணர் குழுவின் அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் கைமாற்ற வேண்டாம். பத்திரத்தில் உள்ள படமும் கையில் உள்ள முத்திரையும் ஒன்றுதானா என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையிலுள்ள முத்திரையில் ஒட்டோ, கிழிசலோ இருந்தால் அதை வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும். இது சிறிய வட்டம். இதில் ஒருவருடைய பெயர் ஒருமுறை கெட்டால் அதன் பிறகு அவரிடம் உள்ள நல்ல சரக்கையும் யாரும் தொட மாட்டார்கள்.