வழக்குரைஞர் இல்லாத நாற்காலி: அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றமும் அரசுச் செலவிலான சட்ட உதவியும்

அமெரிக்காவின் குடிவரவு நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்பாக இரு மேசைகள் இருக்கும். ஒன்றில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வழக்குரைஞர் அமர்ந்திருப்பார். அவருக்கு ஊதியம் தருவது அரசு. மற்றொன்றில், தம்மை நாடுகடத்த வேண்டாம் என்று கோருபவர் அமர்ந்திருப்பார். அவர் தடுப்புக்காவலில் உள்ளவராயின், அவருக்கு அருகிலுள்ள நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். தீர்ப்பு வழங்கும் நீதிபதியும் சுதந்திரமான நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்லர். அரசின் நீதி அமைச்சகத்தில் பணிபுரியும் ஊழியர். அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல், மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவைக்கூடத் தம்மிடம் வரவழைத்து மாற்றியமைக்க முடியும்.

வழக்குரைஞரை அமர்த்திக்கொள்ளச் சட்டம் எவரையும் தடுக்கவில்லை. குடிவரவு மற்றும் நாட்டுரிமைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு அந்த உரிமையை வெளிப்படையாகவே வழங்குகிறது. ஆனால், அது அரசுக்கு எந்தச் செலவுமின்றி அமைய வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுகிறது. பணமுள்ளவருக்கு உரிமை, பணமற்றவருக்கு அந்த உரிமையைப் பற்றிய அறிவிப்பு மட்டுமே. ஏட்டில் உள்ள சமத்துவத்திற்கும் வாழ்வில் உள்ள சமத்துவத்திற்கும் இடையிலான தூரத்தை அன்றாடம் அளந்து பார்க்கும் நமக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. ஆகவே, அது எவ்வாறு உருவானது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு பெயரின் வரலாறு

குற்றவியல் வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே வழக்குரைஞரை வழங்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இல், கிடியன் எதிர் வெயின்ரைட் வழக்கில் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் திருத்தமே அதற்கு அடிப்படை. அத்திருத்தம் குற்றவியல் வழக்குகளை மட்டுமே குறிப்பிடுகிறது. நாடுகடத்தலோ 'உரிமையியல்' நடவடிக்கை என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது. கைவிலங்கு உண்டு, சிறையறை உண்டு, குடும்பத்திலிருந்து பிரிக்கப்படுவதும் உண்டு. ஆயினும் அது தண்டனை அன்று என்பதே சட்டத்தின் நிலைப்பாடு.

இந்த நிலைப்பாடு சீனத் தொழிலாளர்களுக்கு எதிரான இன ஒதுக்கலில் பிறந்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழைவதைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 1892ஆம் ஆண்டின் கியரி சட்டம், ஏற்கெனவே அங்கு வாழ்ந்து வந்த சீனத் தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் வசிப்பிடச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டவர், தாம் முன்பே அந்நாட்டில் வசித்தவர் என்பதை நம்பத்தக்க ஒரு வெள்ளையரின் சாட்சியத்தால் மெய்ப்பிக்க வேண்டும். சீனரின் சாட்சியம் செல்லாது.

இச்சட்டத்தை எதிர்த்த மூன்று தொழிலாளர்களின் வழக்குகள், ஃபாங் யூ டிங் எதிர் அமெரிக்கா என்ற பெயரில் 1893இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தன. அம்மூவரில் ஒருவர் சான்றிதழுக்கு விண்ணப்பித்தவர். அவருடைய சாட்சிகள் சீனர்கள் என்பதாலேயே அது மறுக்கப்பட்டிருந்தது. நாடுகடத்தல் குற்றத்துக்கான தண்டனை அன்று, ஆகவே குற்றம்சாட்டப்பட்டவருக்கு உரிய பாதுகாப்புகள் இங்கே பொருந்தா என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அது தண்டனையே என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி புரூவர் சிறுபான்மையில் நின்றார். சீனர் ஒதுக்கல் சட்டங்கள் 1943இல் நீக்கப்பட்டன. ஆனால் அவற்றைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்பட்ட அந்தக் கோட்பாடு இன்றும் நீடிக்கிறது. 2010இல் பாடில்யா எதிர் கென்டக்கி வழக்கில், நாடுகடத்தல் மிகக் கடுமையான விளைவு என்பதை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. எனினும் பெயரை மாற்றவில்லை.

வழக்குரைஞர் என்ன செய்கிறார்?

புகலிடம் கோருபவர் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் அதை அளிக்க வேண்டும். விதிவிலக்குகள் மிகக் குறைவு. பிறமொழி ஆவணங்களைச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புடன் தாக்கல் செய்ய வேண்டும். தமக்கு நேர்ந்த கொடுமை, இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக்குழு ஆகியவற்றுள் ஒன்றின் காரணமாக நேர்ந்தது என்று நிறுவ வேண்டும். இவை அனைத்தையும் தடுப்பு முகாமின் உள்ளிருந்தபடியே செய்து முடிக்கும் நிலையில் பலர் உள்ளனர்.

2007 முதல் 2012 வரையிலான சுமார் 12 லட்சம் வழக்குகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அனைத்து வழக்குகளிலும் 37 விழுக்காட்டினருக்கே வழக்குரைஞர் இருந்ததாகக் கண்டது. தடுப்புக்காவலில் இருந்தோரில் இது 14 விழுக்காடு மட்டுமே. அவர்களுள் வழக்குரைஞர் இருந்தவர்களில் 21 விழுக்காட்டினர் வென்றனர்; இல்லாதவர்களில் 2 விழுக்காட்டினரே வென்றனர்.

குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. துணையின்றி வந்த குழந்தைகளுக்கு இயன்றவரை வழக்குரைஞர் கிடைக்கச் செய்யுமாறு 2008ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் அரசைப் பணிக்கிறது. 'இயன்றவரை' என்ற அந்தச் சொல் எவ்வளவு மெலிந்தது என்பது 2025 மார்ச்சில் தெரிந்தது. சுமார் 26,000 குழந்தைகளுக்கு வழக்குரைஞர்களை வழங்கிவந்த நிதியை அரசு நிறுத்தியது. நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையைப் பெற்றே அதை மீட்க வேண்டியிருந்தது.

நியூயார்க் காட்டிய வழி

இந்தச் சுவரில் சில விரிசல்கள் விழுந்துள்ளன. கடும் மனநல பாதிப்பினால் தமக்காகத் தாமே வாதாட இயலாமல் தடுப்புக்காவலில் இருப்போருக்கு அரசே சட்டப் பிரதிநிதியை வழங்க வேண்டும் என்று 2013இல் கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று ஆணையிட்டது. அந்த ஆணை கலிஃபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் ஆகிய மூன்று மாநிலங்களுக்குப் பொருந்தும்.

அதே ஆண்டில் நியூயார்க் நகர மன்றம் 5 லட்சம் டாலர் ஒதுக்கி ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. நகரின் வேரிக் தெருவிலுள்ள நீதிமன்றத்துக்குத் தடுப்புக்காவலிலிருந்து கொண்டுவரப்படும் ஏழைகளுக்கு, நகரின் செலவில் பொதுநல வழக்குரைஞர் அமைப்புகள் வாதாடின. 292ஆம் பிரிவு தடுப்பது கூட்டாட்சி அரசின் செலவைப் பற்றியது. நகரமோ மாநிலமோ செலவிடுவதற்கு அது தடையாகவில்லை. 2017இல், தடுப்புக்காவலில் உள்ள குடிவரவாளர் அனைவருக்கும் வழக்குரைஞர் வழங்கும் முதல் மாநிலமாக நியூயார்க் ஆனது.

இத்திட்டத்தின் உயிர்நாடி ஒரு விதி: வருமான வரம்புக்கு உட்பட்டவரா என்று மட்டுமே பார்க்கப்படும், வெல்லக்கூடிய வழக்கா என்று பார்க்கப்படாது. இதனால் ஒரு பழைய வாதத்துக்கும் விடை கிடைத்தது. வலுவான வழக்குகளையே வழக்குரைஞர்கள் ஏற்கிறார்கள், ஆகவே அவர்கள் வெல்வதில் வியப்பில்லை என்பது அவ்வாதம். வழக்குகளைப் பொறுக்கி எடுக்காத இத்திட்டத்தை வேரா நீதி நிறுவனம் மதிப்பிட்டு, 2017இல் அறிக்கை வெளியிட்டது. முன்பு வழக்குரைஞரின்றி அதே நீதிமன்றத்தில் நின்றவர்களில் 4 விழுக்காட்டினரே வென்றிருந்தனர். திட்டத்தின்கீழ் வெற்றி விகிதம் 48 விழுக்காட்டை எட்டும் என்பது அந்நிறுவனத்தின் கணிப்பு. நாடுகடத்தப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அங்கே தங்கும் சட்டப்படியான உரிமை இருந்திருக்கும் என்ற கேள்வியை இந்த இடைவெளி எழுப்புகிறது.

ஆனால் அதே 2017இல், கடுங்குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களை இத்திட்டத்திலிருந்து விலக்க மேயர் டி பிளாசியோ முற்பட்டார். நகர மன்றத்தினரும் வழக்குரைஞர் அமைப்புகளும் அதை எதிர்த்தனர். 'நல்ல' ஏழைக்கு மட்டும் உதவி என்ற எல்லைக்கோடு நமக்கு நன்கு அறிமுகமானது. தகுதியைத் தீர்மானிக்க வேண்டியது விசாரணை. விசாரணைக்கு முன்பே தகுதியைக் கேட்டால், அது உரிமையாக இராது, சலுகையாகிவிடும்.

நம் சட்டமும் நம் கேள்வியும்

இந்தியாவில் சட்ட ஏற்பாடு வேறுவிதமானது. 1976இல் சேர்க்கப்பட்ட அரசமைப்புச் சட்ட உறுப்பு 39ஏ, இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக்கியது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு அவ்வுதவியை உரிமையாக்குகிறது. அச்சட்டத்தில் 'நீதிமன்றம்' என்ற சொல் குற்றவியல், உரிமையியல் நீதிமன்றங்களோடு தீர்ப்பாயங்களையும் உள்ளடக்கும். அதாவது, வழக்கின் பெயரைக் காட்டி வழக்குரைஞரை மறுக்க இங்கே இடமில்லை. அஸ்ஸாமின் வெளிநாட்டவர் தீர்ப்பாயங்களில், தம் குடியுரிமையைத் தாமே மெய்ப்பிக்கும் சுமையுடன் நிற்கும் ஏழைக்கு இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்பதாகும்.

கேட்கவில்லை என்பதற்காகச் சட்ட உதவியை மறுக்க முடியாது என்று நம் உச்ச நீதிமன்றம் 1986இல், சுக்தாஸ் வழக்கில் தெளிவாக்கியது. எனினும், தமக்கு அப்படியோர் உரிமை இருப்பதே தெரியாமல் காவல் நிலையங்களிலும் நீதிமன்ற வளாகங்களிலும் நிற்பவர்கள் நம் சேரிகளில் ஏராளம். அமெரிக்காவில் போராடுவோருக்கு அந்த உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நமக்கு எழுதப்பட்டதைப் பெற வேண்டியிருக்கிறது. நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் நம் மக்களுக்கு அருகிலுள்ள நாற்காலி காலியாக உள்ளதா என்று மாவட்டந்தோறும் சென்று எண்ணிப் பார்ப்பதிலிருந்து, மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் இப்பணியைத் தொடங்கலாம்.