இயங்க மறுக்கும் பழைய மோட்டார் சைக்கிள்

காலையில் வேலைக்குப் புறப்படும் வேளையிற் பழைய மோட்டார் சைக்கிள் இயங்க மறுத்தால், அதன் உரிமையாளர் முதலிற் செய்வது மீண்டும் மீண்டும் உதைப்பது. அடுத்துச் செய்வது கைக்கு அகப்பட்ட ஆணிகளையெல்லாம் திருகிப் பார்ப்பது. இவை நோயைத் தீர்ப்பதில்லை. சிறு நோயைப் பெருநோயாக்குவதே பெரும்பான்மை. நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போல, இயந்திரத்தை அணுகுபவரும் காரணத்தை அறிந்த பின்னரே அதனைத் திருத்த முற்படுதல் வேண்டும்.

பி.எஸ்.ஏ. பாண்டம் என்னும் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் வகுத்த அமைப்பு, இரண்டாம் உலகப் போரின் பின் இழப்பீடாகப் பிரித்தானியாவுக்குக் கிடைத்தது. அதனைத் தழுவி 1948 முதல் 1971 வரை பேர்மிங்காம் நகரில் இவ்வண்டிகள் செய்யப்பட்டன. பிரித்தானியத் தபாற் பகுதியின் தந்திச் சேவகர்கள் ஏறிச் சென்றவற்றுள் இதுவும் ஒன்று. முதற் பாண்டத்தின் ஈரடிப்பு இயந்திரம் 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது.

எந்தப் பெற்றோல் இயந்திரத்துக்கும் மூன்று வேண்டும்: காற்றோடு கலந்த பெற்றோல் ஆவி, அக்கலவையை நெருக்கும் அமுக்கம், தக்க தருணத்தில் மின்பொறி. இவற்றுள் எது குறைந்தது என்பதற்குச் சிறந்த சாட்சி பிளக்கே ஆகும். தாங்கியிற் பெற்றோல் உண்டா, குழாய் திறந்துள்ளதா என்று பார்த்து, சொக்கை இட்டுச் சில முறை உதைத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.

பிளக் உலர்ந்திருப்பின் பெற்றோல் வந்து சேரவில்லை என்பது பொருள். தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். வடிகட்டியில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம். ஈரடிப்பு வண்டிக்குப் பெற்றோலோடு எண்ணெயும் கலந்தே ஊற்றப்படுகின்றது. வண்டி நெடுநாள் நின்றால் பெற்றோல் ஆவியாகிப் போக, எஞ்சிய எண்ணெய் காபுரேற்றரின் நுண்துளையில் பசைபோற் படிந்துவிடும்.

பிளக் நனைந்திருப்பின் பெற்றோல் வருகின்றது, எரியவில்லை. அளவுக்கு மீறி வந்திருந்தால், குழாயை மூடிப் பிளக் இல்லாமலே பலமுறை உதைத்து மிகுதியை வெளியேற்றலாம். அடுத்து, துடைத்த பிளக்கைக் கம்பியோடு இணைத்து, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தைத் தொடும்படி வைத்து உதைத்தால் நீலப் பொறி தெறித்தல் வேண்டும். துளையினூடாகப் பெற்றோல் ஆவி பீறிடுமாதலால், பிளக்கைத் துளைக்கு அப்பால் வைப்பது அவசியம். அருகில் விளக்கோ சுருட்டோ இருத்தலாகாது.

பொறி இல்லையேல் முதலிற் புதிய பிளக்கொன்றை இட்டுப் பார்ப்பதே மலிவான சோதனை. அதன் பின்னரே மின்னோட்டத்தை இடையறுக்கும் தொடுமுனைகளைத் துப்புரவாக்கி, விப்பாக் மக்னீற்றோவாயின் அவற்றின் இடைவெளியை 0.015 அங்குலமாக அமைத்தல் வேண்டும். அம்மக்னீற்றோ தானே பொறிக்கான மின்னைப் பிறப்பிக்கும். ஆதலின் பற்றரியைக் குறை கூறிப் பயனில்லை.

பெற்றோலும் பொறியும் செம்மையாக இருந்தும் வண்டி இயங்கவில்லையெனின் காற்றுக் கசிவை ஐயுறலாம். சுழல்தண்டின் இரு புறத்து அடைப்பு வளையங்கள் தேய்ந்தால் ஈரடிப்பு இயந்திரம் கலவையைச் செம்மையாக உறிஞ்சமாட்டாது. இஃது அனுபவமுள்ள தொழிலாளியிடம் விடவேண்டிய வேலை.

ஆவியின் அருமையை யாழ்ப்பாண மக்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள். 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைக்காதபோது, அவர்கள் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாததால், குளிர்ந்த இயந்திரத்தைத் தொடக்குவதற்கு மாத்திரம் சில துளி பெற்றோலைப் பொக்கிஷம்போற் பேணிப் பயன்படுத்தினர். இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெயே போதுமானதாயிற்று.

ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரமே மாற்றுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் நோய் எதுவெனத் தெரியாது. மாலையில் வண்டியை நிறுத்தும்போது பெற்றோற் குழாயை மூடி, காபுரேற்றரிலுள்ளது எரிந்து தீரும்வரை இயந்திரத்தை ஓடவிடுதல் நன்று. அன்றைய அந்தச் சிறு கவனம் மறுநாட் காலையின் பெருந்தொல்லையைத் தவிர்க்கும்.