கிணற்றுச் சுவரில் எழுதியிருக்கும் கணக்கு

2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்குத் தண்ணீர் ரயிலில் வந்தது. மிரஜிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர். முதல் நடையில் 10 வேகன்கள், 5 லட்சம் லிட்டர். போர்வெல்லுக்குப் பஞ்சமில்லாத ஊருக்கு ஏன் இந்த நிலை?

லாத்தூரைத் தாங்கி நிற்பது பசால்ட் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு திரும்பத் திரும்பப் பரவி உறைந்து, அடுக்கடுக்காகப் படிந்தது. மகாராஷ்டிரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் இதன் மேல்தான் இருக்கிறது. அடுக்கின் மேற்புறத்தில் வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற துளைகள், நடுவில் இறுகிய கல். பல இடங்களில் அந்தத் துளைகளையும் சியோலைட் கனிமம் அடைத்திருக்கும். ஆக, தண்ணீர் தங்குவது மராத்தி விவசாயிகள் ‘முரும்’ என்று சொல்லும் உதிர்பாறையிலும், வெடிப்புகளிலும், அடுக்குகள் சந்திக்கும் இடங்களிலும்தான்.

அதிலிருந்து எவ்வளவு நீர் கிடைக்கும்? மத்திய அரசின் 2015 மதிப்பீட்டு வழிமுறை, உதிர்ந்த பசால்ட்டுக்குப் பாறையின் கன அளவில் 2 சதவீதம் என்கிறது. இறுகிய பசால்ட்டுக்கு வெறும் 0.35. உதிர்ந்த பசால்ட்டில், ஒரு ஹெக்டேரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது 2 லட்சம் லிட்டர். ஆற்று மணலாக இருந்தால் 16 லட்சம். இதையே திருப்பிப் பாருங்கள்: 6 சென்டிமீட்டர் மழைநீர் உள்ளே இறங்கினாலே கிணறு 3 மீட்டர் ஏறிவிடும். ஆவணியில் ததும்பும் அந்தக் கிணற்றை நம்பிக் கரும்பு நட்டவர்தான் பங்குனியில் கலங்கி நிற்கிறார்.

கிணறு எங்கே தோண்டலாம் என்பதற்கு மின்தடை ஆய்வு வழி காட்டும். ஆனால் ஈரமான முருமும் அடுக்குகளுக்கு இடையிலுள்ள செங்களிமண்ணும் கருவிக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். அதனால் பக்கத்துக் கிணற்றில் இறங்கி, எந்த ஆழத்தில் எந்தப் பாறை, எங்கே கசிவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் செய்ய வேண்டியதே அதுதான்.

தோண்டிய கிணற்றின் திறனை அளக்கும் பம்ப் சோதனையிலும் ஒரு கவனம் வேண்டும். அகன்ற கிணற்றில் முதலில் வெளியேறுவது கிணற்றிலேயே தேங்கிக் கிடந்த நீர். ஒல்லியான குழாய்க் கிணற்றை நினைத்து நிலத்தடி நீரியலாளர் தைஸ் 1935இல் தந்த சூத்திரம் இங்கே பொருந்தாது. தேங்கிய நீரையும் கணக்கில் சேர்த்தவர்கள் பாபடோபுலோஸும் கூப்பரும், 1967இல். மோட்டாரை நிறுத்தியபின் நீர் எவ்வளவு வேகமாக ஊறி ஏறுகிறது என்பதைப் பொறுமையாக அளந்தால், பாறையின் உண்மையான திறன் புலப்படும்.

இந்தக் கணக்கைப் பார்த்தே நடக்கும் ஊரும் உண்டு. அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்து ஹிவரே பஜாரில் பாசனத்துக்குப் போர்வெல் போடுவதில்லை என்று ஊரே கூடி முடிவெடுத்தது. ஆண்டுதோறும் மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் பார்த்து, குடிநீருக்கு ஒதுக்கியது போக மிச்சத்துக்கு என்ன பயிர் வைக்கலாம் என்பதைக் கிராம சபையில் தீர்மானிக்கிறார்கள்.