பழைய கணக்கைக் கட்டிப் பரணில் வைப்போம்!



பேரேட்டில் கணக்கெழுதிய காலத்தில் புதுக்கணக்கு நாள் நமக்கு ஒரு திருநாள். புதுப் பேரேட்டின் மூலைகளில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பழைய பேரேட்டில் யாரிடம் எவ்வளவு பாக்கி என்று பார்த்து, அந்தப் பாக்கியை மட்டும் எடுத்து எழுதுவோம். பழையதைத் துணியில் கட்டி, ஆண்டைக் குறித்துப் பரணில் ஏற்றிவிடுவோம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருப்பது நடப்பு ஆண்டுப் பேரேடு ஒன்றுதான்.

இன்று சேத்தூர் கடைவீதியில் சிறிய மளிகைக் கடையிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மொத்த வியாபாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பேரேட்டுக் காலத்து நல்ல பழக்கம் ஒன்றை நம்மில் பலர் மறந்துவிட்டோம். கம்ப்யூட்டர் வாங்கிய நாள் முதல் போட்ட பில் அத்தனையும் ஒரே மூட்டையாகக் கிடக்கிறது. பத்து ஆண்டுப் பேரேடுகளைக் கல்லாவில் அடுக்கிக்கொண்டு உப்புக்கும் புளிக்கும் பில் போடுவது போன்றது இது.

பதிவு பெருகும் விதம்

ஒரு நடுத்தரக் கடையில் நாளொன்றுக்கு 200 பில், பில்லுக்கு 8 சாமான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,600 வரிகள். ஆண்டுக்கு 350 நாள் கடை திறந்தால் 5,60,000 வரிகள். ஐந்தே ஆண்டில் 28 லட்சம்! 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் ஒவ்வொரு வரியோடும் வரி விகிதம், எச்.எஸ்.என். எண் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. கொள்முதல் பில்லைப் படமெடுத்து அதிலேயே சேர்த்து வைப்பவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம்.

இதன் பலனைத் தீபாவளிக் கூட்டத்தில் பார்க்கலாம். வாடிக்கையாளர் நிற்க, பில் வரத் தாமதமாகும். இருப்புப் பட்டியல் கேட்டால் நெடுநேரம் சுற்றும். இரவு நகல் எடுக்க வெகுநேரம் ஆவதால் நகல் எடுப்பதையே விட்டுவிடுவோம். பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. மின்சாரம் போய்ப் பதிவு பழுதானால் எல்லா ஆண்டுக் கணக்கும் ஒன்றாகப் போய்விடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பில் போடும் மென்பொருள்கள் பல, மைக்ரோசாஃப்டின் இலவச எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் என்பதன் மேல் ஓடுகின்றன. 2022 பதிப்பு வரை அதில் ஒரு கணக்குக் கோப்புக்கு 10 ஜிகாபைட் என்பதே எல்லை. அது நிரம்பிவிட்டால் புதிய பில் பதிவாகாது. உங்கள் மென்பொருள் எதன் மேல் ஓடுகிறது, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று விற்றவரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

அழித்துவிடலாமா?

கூடவே கூடாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்குரிய ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். உதாரணமாக 2022-23ஆம் ஆண்டுக் கணக்குக்குக் கெடு 31-12-2023. ஆகவே 31-12-2029 வரை அது நம் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்த பின்னும் ஓராண்டு அல்லது மேற்சொன்ன கெடு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு உரிய நகல் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி கூறுகிறது. பழைய ஆண்டுக்கு நோட்டீஸ் வந்தால், கொள்முதல் வரிக்கு எடுத்த கிரெடிட்டை நிரூபிக்க வேண்டியவர் வணிகரே. கணக்கு இல்லையென்றால் கட்டிய வரியையே மறுபடி கட்ட நேரிடலாம்.

"ரிட்டர்ன்தான் அரசு இணையதளத்தில் இருக்கிறதே" என்று இருந்துவிடவும் முடியாது. ரிட்டர்ன்கள் ஏழு ஆண்டுகள் மட்டுமே பார்வைக்கு இருக்கும் என்று 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. இணையதளம் அறிவித்தது. 2017 ஜூலை ரிட்டர்ன் 2024 ஆகஸ்ட் 1-லும், அடுத்த மாதத்து ரிட்டர்ன் செப்டம்பர் 1-லும் எடுக்கப்பட்டன. வணிகர்கள் சிரமத்தைச் சொன்னபின் அந்த மாத இறுதியிலேயே அவை திரும்ப வைக்கப்பட்டன. எனினும், வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளும்படி அறிவுரையும் வந்தது. அந்த ஏழாண்டுக் கணக்குப்படி பார்த்தால் 2022 ஏப்ரல் ரிட்டர்ன் 2029 மே மாதமே மறைந்துவிடும். நாம் காக்க வேண்டியதோ அந்த டிசம்பர் வரை. நம் நகல் நம்மிடம் இருப்பதே பாதுகாப்பு.

பிரிக்கும் முறை

1. நடப்பு ஆண்டும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் கைவசம் இருக்கட்டும். அதற்கு முன்னுள்ளதைப் பிரித்துவிடலாம். சென்ற ஆண்டுத் திருத்தங்களுக்கும் கிரெடிட்டுக்கும் நவம்பர் 30, ஆண்டு ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 பொதுவான கெடு. ஆகவே பொங்கல் வியாபாரம் முடிந்த பின் இந்த வேலையில் இறங்குவது நலம். பிரிக்கும் தேதி எப்போதும் ஏப்ரல் 1 ஆக இருக்கட்டும்.

2. தொடங்குமுன் முழுக் கணக்கையும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிடுங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. ஒரு நகல் கடையிலும், மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும்.

3. பிரிக்கும் தேதிக்கு முதல் நாள் முடிவில் இருந்த ரொக்கம், பாங்கு, சரக்கு இருப்பு, வரவேண்டியது, கொடுக்க வேண்டியது ஆகிய ஐந்தையும் தாளில் குறியுங்கள். பிரித்தபின் புதுக்கணக்கின் ஆரம்ப இருப்போடு ஒத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் மாறினாலும் அங்கேயே நிறுத்தி ஆடிட்டரைக் கேளுங்கள்.

4. டாலி வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே 'ஸ்பிளிட்' வசதி இருக்கிறது. மூலக் கணக்கு அப்படியே இருக்க, பழையதும் புதியதுமாக இரண்டு கணக்குகள் உண்டாகும். வேறு மென்பொருளானால் விற்றவரின் ஆளை வைத்துச் செய்யுங்கள். "பழையதை அழித்தால் வேகம் வரும்" என்று யார் சொன்னாலும் நகல் இல்லாமல் சம்மதிக்காதீர்கள்.

5. கடன் பாக்கிகள் மொத்தத் தொகையாக மட்டும் வந்தால் போதாது. பில் எண், தேதி வாரியாக வர வேண்டும். இல்லாவிட்டால் எந்தச் சிட்டைக்கு எவ்வளவு பாக்கி என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது.

6. பிரித்த பழைய கணக்கில் யாரும் கை வைக்காதபடி பாஸ்வேர்டு போடுங்கள். அங்கே ஒன்றைத் திருத்தினால் புதுக்கணக்கின் ஆரம்ப இருப்பு தானாக மாறாது. இரண்டும் முரண்படும்.

7. பழைய ஆண்டின் பேரேடு, நாளேடு, ஐந்தொகை, இருப்புப் பட்டியல், ரிட்டர்ன்கள் ஆகியவற்றைப் பி.டி.எஃப். ஆகவும் எடுத்து வையுங்கள். இன்றைய மென்பொருள் ஆறேழு ஆண்டுக்குப் பின் இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. பி.டி.எஃப். கோப்பை எந்த கம்ப்யூட்டரிலும் படிக்கலாம்.

8. நகல் உள்ள பென் டிரைவ் மீது ஆண்டை எழுதி ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது, திறந்து பாருங்கள். பரண் மூட்டையைக் கரையான் அரித்ததா என்று பார்ப்போமே, அதுபோல.

இதில் எதுவும் நமக்குப் புதிதல்ல. பாக்கியை எடுத்து எழுதுவதும், பழையதைக் கட்டி வைப்பதும், கேட்டபோது எடுத்துக் காட்டுவதும் நம் முன்னோர் செய்த வேலைதான். கம்ப்யூட்டர் இதைத் தானாகச் செய்யாது. நாம்தான் சொல்லிச் செய்விக்க வேண்டும். கல்லாவில் இந்த ஆண்டும், பரணில் பழைய ஆண்டும் இருந்தால், நோட்டீஸ் வந்தாலும் தீபாவளிக் கூட்டம் வந்தாலும் நமக்குப் பதற்றமில்லை.