வாசலில் ஒரு குட்டி யானை!

காலை எட்டே முக்கால். டிபன் பாக்ஸோடு பைக்கைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் திறக்கிறீர்கள். எதிரே மஞ்சள் போர்டு 'குட்டி யானை' ஒன்று, வாசலை அடைத்துக்கொண்டு சமர்த்தாக நிற்கிறது. டிரைவர்? ராத்திரி முழுக்க கோயம்பேட்டுக்கு லோடு அடித்துவிட்டு எங்கேயோ குறட்டை!

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், 'நோ பார்க்கிங். மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று சுவரில் எழுதுவது. ஸாரி ஸார், அந்த எழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு கிடையாது. வண்டி நிற்கும் இடங்களைக் குறிப்பது அரசாங்கத்தின் வேலை; அதுவும் மாநகராட்சி, நகராட்சியைக் கலந்துகொண்டு. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம், 117-வது பிரிவு. காற்றைப் பிடுங்கினால் பஞ்சாயத்து உங்கள் மேலேயே திரும்பும்!

ஆனால் உங்களுக்கு போர்டே தேவையில்லை என்பதுதான் விஷயம். வீட்டு வாசலை மறித்தோ, நடைபாதை மேலோ, தெருமுனையிலோ வண்டியை நிறுத்தக்கூடாது என்று 2017-ம் வருட ஓட்டுநர் விதிமுறைகளே சொல்கின்றன. மஞ்சள் போர்டு, வெள்ளை போர்டு என்ற பாகுபாடு இல்லை. உங்கள் மச்சானின் புத்தம் புதுக் காருக்கும் சேர்த்துத்தான்! முன்பெல்லாம் முதல் தடவைக்கு அபராதம் 100 ரூபாய். 2019 திருத்தத்தில் அது 500 ஆகிவிட்டது.

அடுத்தது 127-வது பிரிவு. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கிற வண்டியை, யூனிஃபார்மில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவு போட்டு இழுத்துப் போகச் சொல்லலாம். செலவு வண்டிக்காரர் தலையில்.

சரி, வாசலை மறிக்காமல் ஓரமாக நிறுத்தி, ராத்திரி பத்துக்கு வந்து காலை ஐந்துக்குக் கிளம்பிவிடுகிற வண்டி? ஏழே மணி நேரம்தானே! 127-வது பிரிவின் பத்து மணி நேரக் கணக்கு அங்கே எடுபடாது.

அந்த டிரைவர் அண்ணனும் பெரும்பாலும் அதே தெருவில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவர்தான். தவணையில் வாங்கிய வண்டிதான் அவருக்குச் சோறு. பெரிய லாரிகளுக்கு மாதவரத்தில் லாரி நிலையம் இருக்கிறது. இவர் தினமும் அங்கே விட்டுவிட்டு எந்த பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேருவார்?

அதனால் சண்டையை விடுங்கள். பக்கத்திலேயே ராத்திரி வண்டி நிறுத்த ஓர் இடம் குறித்துத் தரச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் ஒரு மனு கொடுங்கள். குடியிருப்பவர்கள் கையெழுத்துக்குக் கீழே டிரைவர்களும் கையெழுத்துப் போடட்டும். மனுவுக்கு வெயிட் கூடும்!

அதுவரைக்கும் இரண்டே இரண்டு வேண்டுகோள். டிரைவர் அண்ணே... முன்கண்ணாடியில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். ஆம்புலன்ஸ் போக வழி விட்டு நிறுத்துங்கள். நடுராத்திரியில் எந்த வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அப்போது தெருவே கூடி, "யாருப்பா இந்த வண்டி?" என்று கத்திக்கொண்டிருக்க நேரம் இருக்காது.