ஏழு காய்க் கூட்டு

மார்கழித் திருவாதிரையன்று களியுடன் படைக்கப்படும் ஏழு காய்க் கூட்டு, பூசணி, பரங்கி, அவரை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, மொச்சை போன்ற நாட்டுக் காய்களைத் துவரம்பருப்போடு ஒன்றாகச் சேர்த்துச் சமைப்பதாகும். குடும்பத்தார் அனைவரும் ஒரே வேளையில் பலவகைக் காய்களை உண்பதற்கு இதனினும் எளிய வழி அரிது. மொச்சையையும் கிழங்குகளையும் முதலிலும், அவரையையும் வாழைக்காயையும் அடுத்தும், நீர்ச்சத்து மிகுந்த பூசணியையும் பரங்கியையும் இறுதியிலும் இட்டால், எதுவும் குழையாமல் வேகும். புளிக்கரைசலைக் காய்கள் நன்கு வெந்த பின்னரே ஊற்றவேண்டும். ஏனெனில், காய்களின் செல்சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் புளிப்பில் எளிதாகக் கரையாதாகையால், முன்னதாகவே புளி சேர்த்தால் காய்கள் விறைத்தே நிற்கும். சேனையை மட்டும், அதன் நமைச்சல் தணிவதற்காக, நறுக்கியவுடன் சற்று நேரம் புளித்தண்ணீரில் ஊறவைப்பது நல்ல வழக்கம். மிளகாய், தனியா, கடலைப்பருப்பு, தேங்காய் ஆகியவற்றை வறுத்தரைத்த விழுதைச் சேர்த்து ஒரு கொதியில் இறக்கலாம். நீரில் கரையும் வைட்டமின்கள் காய் வெந்த நீரில் இறங்கிவிடுவதால், அந்நீரை வடித்துக் கொட்டாமல் கூட்டிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.